கேட்ச் என்றால் பிடி மட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் ஆங்கிலம் படிக்கிறவர்களும், வேலைக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. எல்லாமே ஒரே வினைச்சொல்லைப் பற்றியவை. மீன் பிடிக்கிற ஊர் என்பதால் 'கேட்ச்' நமக்குத் தெரிந்த சொல்தான் என்ற தைரியம் எல்லாருக்கும் உண்டு, வழுக்குவதும் அங்கேதான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

கேட்ச்னா பிடி. அவ்வளவுதானே? இதுல கேட்க என்ன இருக்கு?

பாதிதான் சரி. ஓடுவது, பறப்பது, விழுவது, நழுவுவது என்று கைக்குத் தப்பக்கூடிய ஒன்று கைக்கு வந்து சேரும் அந்தக் கணம்தான் 'கேட்ச்'. பந்து, மீன், திருடன், கோழி எல்லாம் இதில் அடங்கும். தமிழ்ப் 'பிடி' அந்தக் கணத்தையும் சொல்லும். பிடித்த பிறகு விடாமல் வைத்திருப்பதையும் சொல்லும். 'கேட்ச்' பிடித்த கணத்தோடு முடிந்துவிடும், 'பிடி' தொடரும்.

அதனால் ஒரு சின்ன சோதனை: "ஒரு மணி நேரமாப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அங்கே 'கேட்ச்' வராது. ஒரு மணி நேரம் குடை பிடிக்கலாம். விழுகிற ஒரே தேங்காயை ஒரு மணி நேரம் பிடிக்க முடியாது. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தச் சோதனையே போதும்.

இறந்தகாலம் 'கேட்ச்டு'ன்னு சொன்னா தப்பா?

இன்றைய ஆங்கிலத்தில் தப்பு. கேட்ச், காட், காட். இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. எழுத்துக்கூட்டு சி-ஏ-யூ-ஜி-ஹெச்-டி. நடுவில் இருக்கும் ஜியும் ஹெச்சும் ஒலிக்காது. 'கா'வை இழுத்துச் சொன்னால் போதும். அந்த இரண்டு எழுத்து எப்படி உள்ளே வந்தது என்பதைச் சொல்லின் வரலாற்றைப் பார்க்கும்போது சொல்கிறோம்.

'கேட்ச்டு' ஒரு காலத்தில் இருந்த வடிவம்தான். 18ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களில்கூடப் பார்க்கலாம். இப்போது அதைச் சொல்வது குழந்தைகளும், புதிதாகக் கற்கும் நாமும்தான்.

ஏணியில ஏறுறப்ப கீழ நிக்கிறவர்கிட்ட 'கேட்ச் த லேடர்'னு சொன்னேன். அவர் பயந்துட்டார். ஏன்?

ஏணி விழப்போகிறது, தாவிப் பிடி என்று அவர் காதில் கேட்டிருக்கும். நீங்கள் சொல்ல நினைத்தது 'ஹோல்டு த லேடர்'. "இதைக் கொஞ்சம் பிடி" என்று பையை நீட்டும்போதும் 'ஹோல்டு திஸ்'தான். 'கேட்ச்' என்றால் நீங்கள் தூக்கி எறியப்போகிறீர்கள் என்று எதிராளி கையை விரிப்பார். கயிறு வீசும்போது மட்டும் 'கேட்ச்' சரி. படகுத்துறையில் நிற்கிறவருக்குக் கட்டுக்கயிற்றை எறியும்போது 'கேட்ச்', அது கைக்குப் போன பிறகு 'ஹோல்டு'. இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வரும் இடம் அது.

'பிடி' தமிழில் செய்யும் மற்ற வேலைகளுக்கும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு சொல் உண்டு. வீடு பிடிப்பது 'ஃபைண்டு', படம் பிடிப்பது 'டேக்', நேரம் பிடிப்பதும் 'டேக்', பஸ்ஸில் இடம் பிடிப்பது 'சேவ் எ சீட்', சம்பளத்தில் பிடிப்பது 'டிடக்ட்', துருப்பிடிப்பது 'ரஸ்ட்'. குழாயில் குடம் பிடிப்பது 'ஃபில்'. ஆனால் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பிடிப்பது 'கேட்ச்'. விழுகிறதல்லவா, சோதனை பலிக்கிறது.

பஸ்ஸை 'கேட்ச்' பண்றதா, 'டேக்' பண்றதா?

இரண்டும் உண்டு, பொருள் வேறு. எதில் போனீர்கள் என்பதற்கு 'டேக்'. நேரத்துக்குப் போய் ஏறினீர்களா, தவறவிட்டீர்களா என்பதற்கு 'கேட்ச்'. "ராம்நாட்டுக்கு ரயில்ல போனேன்" என்றால் 'ஐ டுக் த டிரெயின்'. "ஓடிப்போய் ரயிலைப் பிடிச்சுட்டேன்" என்றால் 'ஐ காட் த டிரெயின்'. தவறவிட்டால் 'மிஸ்'. 'கேட்ச்'சுக்கு எதிர்ச்சொல் 'மிஸ்' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

டூரிஸ்ட் பேசுறது சரியாக் கேட்கலைன்னா 'வாட்?'னு கேட்கிறது மரியாதை இல்லையாமே. வேற என்ன சொல்ல?

'ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்.' பாம்பன் பாலத்துக் காற்றிலும் ஆட்டோ சத்தத்திலும் இதைவிடப் பயன்படும் வாக்கியம் கிடையாது. பேசியது காதுக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். குறை காற்றின் மேல் போகும், பேசியவர் மேல் போகாது. பெயர் விளங்காவிட்டால் 'ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்'. காதில் விழுந்தது, அர்த்தம்தான் புரியவில்லை என்றால் இங்கே 'கேட்ச்' வேண்டாம். 'ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்டு' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

சளி பிடிச்சா 'கேட்ச் எ கோல்டு'. அப்ப சுகர் வந்தா 'கேட்ச் சுகர்'னு சொல்லலாமா?

கூடாது. தொற்றும் நோய்க்கு மட்டும்தான் 'கேட்ச்'. சளி, அம்மை, மெட்ராஸ் ஐ எல்லாம் சரி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய்க்கு 'ஹேவ்' அல்லது 'டெவலப்'. சர்க்கரையை 'கேட்ச்' பண்ணினேன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்ந்து உட்காருவார். 'இஸ் இட் கேட்ச்சிங்?' என்று மருத்துவர் வாயில் கேட்டால் அது 'தொற்றுமா?' என்ற கேள்வி.

'கேட்ச் கோல்டு', 'கேட்ச் எ கோல்டு' இரண்டும் சரி. நடுவில் 'பேட்' போன்ற சொல் வந்தால் 'எ' கட்டாயம்: 'கேட்ச் எ பேட் கோல்டு'. இப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது என்றால் 'ஐ ஹேவ் எ கோல்டு' போதும்.

தீப்பிடிச்சதுக்கு?

'த ஹட் காட் ஃபயர்.' தமிழும் ஆங்கிலமும் இங்கே ஒரே வழியில் போகின்றன. "குடிசை தீப்பிடிச்சது" என்பதில் எழுவாய் குடிசைதான். யாராவது வேண்டுமென்றே வைத்திருந்தால் 'கேட்ச்' வராது, 'செட் ஃபயர்' என்று மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பணம்.

இந்தச் சொல் இங்கிலீஷுக்கு எங்கிருந்து வந்துச்சு?

பிரெஞ்சிலிருந்து. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்கள் பேசிய வடபகுதிப் பிரெஞ்சில் 'காச்சியே' என்றொரு வினை இருந்தது. அதன் பொருள் பிடிப்பதல்ல, துரத்துவது, வேட்டையாடுவது. லத்தீனில் 'எடு' என்று பொருள்படும் 'காப்பெரே' அதன் வேர். 'கேப்ச்சர்', 'அக்செப்ட்' எல்லாம் அந்த வேரின் பிள்ளைகளே. 'கேப்டன்' மட்டும் பார்க்க உறவு மாதிரி இருக்கும், உறவில்லை. அது தலை என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் அதே சொல்லின் முதல் 'க' ஒலி மாறி 'ச' ஆனது. அந்த வடிவமும் பின்னால் ஆங்கிலத்துக்குள் நுழைந்து 'சேஸ்' ஆனது. ஆக, துரத்துவதும் பிடிப்பதும் ஒரே சொல். இரண்டு வாசல் வழியாக வந்ததால் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. 'சேஸ்' ஓட்டத்தை வைத்துக்கொண்டது, 'கேட்ச்' ஓட்டத்தின் முடிவை வைத்துக்கொண்டது. 'பர்ச்சேஸ்'கூட 'சேஸ்' குடும்பம்தான். துரத்திப்போய்க் கைக்கொள்வதுதான் காலப்போக்கில் வாங்குவதாக மாறியது. ஸ்பானிய 'காசார்', இத்தாலிய 'காச்சாரே' இரண்டும் இன்றைக்கும் வேட்டையாடுவதையே சொல்கின்றன.

பழைய இங்கிலாந்தில் வரி தண்டுகிறவனுக்கும், பிற்பாடு கடன்காரனைப் பிடித்துப்போகும் சேவகனுக்கும் 'கேட்ச்போல்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கோழி துரத்தி'. முதல் கேள்வியில் சொன்ன சோதனைக்குக் காரணம் இந்தப் பிறப்புதான்: 'கேட்ச்'சுக்குள் எப்போதும் ஒரு துரத்தல் இருக்கிறது, தமிழ்ப் 'பிடி'க்குள் இருப்பது ஒரு கைமுஷ்டி. ஒரு பிடி சோறு, கத்திப்பிடி, பிடிகொழுக்கட்டை எல்லாவற்றிலும் அந்த முஷ்டியைப் பார்க்கலாம்.

அப்ப அந்த ஒலிக்காத ஜி-ஹெச்?

பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலத்தில் பிடிப்பதற்கு வேறொரு சொல் இருந்தது. இன்றைக்குக் கதவில் மாட்டும் 'லாட்ச்' அதன் வாரிசு. அந்தப் பழைய வினையின் இறந்தகாலத்தில் ஜி-ஹெச் இருந்தது, அன்றைக்கு அது தொண்டையில் உரசி ஒலித்தது. புதிதாக வந்த 'கேட்ச்' ஒலியிலும் பொருளிலும் அதைப் போலவே இருந்ததால் இறந்தகாலத்தை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் ஒழுங்காக 'டு' போட்டு முடியும். இது மட்டும் உள்ளூர் உடுப்புப் போட்டுக்கொண்டது.

உடுப்பைக் கொடுத்த சொல் பிறகு வினையாக ஒதுங்கி, தாழ்ப்பாளாக மிஞ்சியது. ஜன்னல் கொக்கிக்கும் அலமாரிக் கொக்கிக்கும் ஆங்கிலத்தில் 'கேட்ச்' என்றும் பெயர் உண்டு. வென்ற சொல்லும் தோற்ற சொல்லும் கடைசியில் ஒரே கதவில் வந்து நிற்கின்றன.

'எனக்கு மீன் பிடிக்கும்', 'நான் மீன் பிடிப்பேன்'. ரெண்டுலயும் பிடிதானே? ஒண்ணு 'லைக்', ஒண்ணு 'கேட்ச்' எப்படி ஆச்சு?

வேற்றுமை உருபைப் பாருங்கள். "அவர் மீன் பிடித்தார்": அவர் எழுவாய், செயல் அவருடையது, 'கேட்ச்'. "அவருக்கு மீன் பிடித்தது": 'கு' வந்துவிட்டது, எழுவாய் மீன், 'லைக்'. "அவரைப் போலீஸ் பிடித்தது": 'ஐ' வந்துவிட்டது, பிடிபட்டவர் அவர், மறுபடி 'கேட்ச்', ஆனால் 'ஹி வாஸ் காட்'. "அவரைச் சனி பிடிச்சிருக்கு" என்பதும் இந்த மூன்றாவது வகைதான். அதற்கு மட்டும் ஆங்கிலத்தில் 'கேட்ச்' போடாதீர்கள், கிரகம் வந்து கைது செய்தது போலாகிவிடும்.

தமிழில் மீன்தான் வந்து மனத்தைப் பிடிக்கிறது; பிடித்துக்கொள்ளப்படுவது நாம். ஆங்கிலக்காரருக்கு இது விநோதமாகப் படும் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய 'லைக்'கும் பழைய ஆங்கிலத்தில் இதே மாதிரிதான் இருந்தது: பொருள் எழுவாய், ஆளுக்கு நான்காம் வேற்றுமை, 'இது எனக்கு உவக்கிறது' என்பது போல. ஷேக்ஸ்பியர் காலம் வரை 'இட் லைக்ஸ் மீ' என்று எழுதினார்கள். பின்னால் ஆளே எழுவாயாகி 'ஐ லைக் இட்' என்று திரும்பிவிட்டது. நாம் திரும்பவில்லை.

கேட்ச் அப், கேட்ச் ஆன், கேட்ச் அவுட்... இதெல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா?

'கேட்ச் அப்': முன்னால் போகிறவரை எட்டிப் பிடிப்பது. பின்னால் 'வித்' வந்தால் ஆள் ('கேட்ச் அப் வித் ஹிம்'), 'ஆன்' வந்தால் தேங்கிப்போன வேலை அல்லது தூக்கம் ('கேட்ச் அப் ஆன் ஸ்லீப்'). தங்கல் போய், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடித்து, இரண்டு நாள் கண் விழித்து வந்தவர் கரையில் செய்வது இந்த இரண்டாவது. நண்பர் 'லெட்ஸ் கேட்ச் அப்' என்று செய்தி அனுப்பினால் துரத்தல் எதுவும் இல்லை, உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம் என்கிறார்.

'கேட்ச் ஆன்' என்றால் பரவிவிடுவது, அல்லது மெதுவாகப் புரிந்துகொள்வது. 'கேட்ச் அவுட்' என்றால் பொய்யிலோ தவறிலோ மாட்டவைப்பது. ஒருவரைத் தப்புச் செய்யும்போதே பிடித்தால் அடுத்த வினை 'இங்' போட்டு வரும்: 'ஐ காட் ஹிம் ஸ்டீலிங்'. இங்கே 'டு ஸ்டீல்' வராது. நம் "கையும் களவுமாக"வுக்கு நேரானது 'காட் ரெட்-ஹேண்டட்'. அங்கே களவுக்குப் பதில் கையில் ரத்தம்.

பாய் காத்துப் பிடிச்சதுக்கு என்ன சொல்ல?

அதேதான்: 'த செயில் காட் த விண்டு.' பின்னால் 'ஆஃப்' ஒட்டினால் மட்டும் கதை மாறும். 'ஹி காட் விண்டு ஆஃப் இட்' என்றால் விஷயம் அரசல்புரசலாக அவர் காதுக்குப் போய்விட்டது.

எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதணும். 'த எஞ்சின் காட்' சரியா?

நேர் எதிராகிவிடும். 'த எஞ்சின் காட்' என்றால் ஹேண்டில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் சொல்வது, ஆயில் இல்லாமலோ குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமலோ சூடேறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு இறுகிப்போனது. அதற்கு 'சீஸ்டு'. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் புகாரில் இந்த ஒரு சொல் மாறினால், ஓடுகிற எஞ்சினை ஏன் அனுப்பினீர்கள் என்று பதில் வரும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் 'த பிரேக்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்'. நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டால் 'த ஆங்கர் இஸ் நாட் ஹோல்டிங்'. பிடித்த பிறகு விடாமல் நிற்பதுதானே நங்கூரத்தின் வேலை, அதனால் 'ஹோல்டு'. அதே நங்கூரமோ வலையோ பாரில் (கடலடிப் பாறையில்) போய் மாட்டிக்கொண்டால் 'இட் காட் ஆன் த ரீஃப்'. மாட்டுவதற்கு 'காட் ஆன்', அகப்படுவதற்கு 'காட் இன்': வலை பாரில் மாட்டினால் 'ஆன்', ஆமை வலையில் அகப்பட்டால் 'இன்'.

மீன்பாட்டைப் பத்தி ரிப்போர்ட் எழுதுறப்ப 'கேட்ச்'சா, 'லேண்டிங்'கா?

கடலில் வலைக்குள் வந்தது, அதாவது பாடு, அத்தனையும் 'கேட்ச்'. அதில் திரும்பக் கடலில் கொட்டியது போக, கரையில் இறக்கியது 'லேண்டிங்'. 300 கிலோ ஏறி 40 கிலோவைக் கடலிலேயே கொட்டினால் கேட்ச் 300, லேண்டிங் 260. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் கணக்கு லேண்டிங் கணக்கு. இறங்குதளத்தில் பார்த்து எடுப்பது. அந்த நிலையம் 1947இல் தொடங்கியது. அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது.

படகுக்குப் படகு ஒப்பிட வேண்டுமானால் மொத்த எடை உதவாது, உழைப்பால் வகுக்க வேண்டும். 9 மணி நேரம் மடி (இழுவலை) இழுத்து 180 கிலோ என்றால் மணிக்கு 20 கிலோ. 4 மணி நேரத்தில் 100 கிலோ எடுத்த படகு மணிக்கு 25. மொத்த எடையில் குறைந்த படகுதான் மணிக்கணக்கில் மேல். மாதக் கணக்கை ஒப்பிடும்போது கடலுக்குப் போன நாள்களை எண்ணுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். ஏப்ரலை மார்ச்சோடு வைத்து 'கேட்ச் குறைஞ்சுபோச்சு' என்று எழுதினால் அது மீனின் குறையல்ல.

இந்தப் பொருளில் 'கேட்ச்' பெரும்பாலும் ஒருமை: 'டுடேஸ் கேட்ச்'. பல ஆண்டு, பல துறைமுகம் என்று வரும்போது மட்டும் 'கேட்ச்சஸ்'.

சங்காயத்தைத்தான் 'பைகேட்ச்'னு சொல்றாங்களா?

முழுக்க இல்லை. குறிவைத்துப் போன மீனோடு சேர்ந்து வந்த மற்றது எல்லாம் 'பைகேட்ச்'. இறாலுக்குப் போன மடியில் நல்ல கணவாய் வந்தால் அதுவும் பைகேட்ச், ஆனால் அதற்கு நல்ல விலை உண்டு. சங்காயம் அதில் ஒரு பங்கு மட்டும்: சாப்பாட்டுக்கு ஆகாமல், காயவைத்துக் கோழித்தீவனத்துக்குப் போகும் பொடி மீன். அதற்கு 'டிராஷ் ஃபிஷ்' என்று எழுதுங்கள்.

கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) அந்தப் பட்டியலில் உண்டு. இவை தானாக வந்து சிக்கியபோது 'வி காட் எ டர்ட்டில்' என்று எழுதினால் வேண்டுமென்று பிடித்ததாகத் தொனிக்கும். 'எ டர்ட்டில் வாஸ் ஆக்சிடென்ட்டலி காட் இன் த நெட் அண்டு ரிலீஸ்டு' என்று, சிக்கியதையும் விட்டதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதே முறை.

எல்லைல நம்ம ஆளுங்களைப் பிடிச்சுட்டா, மனுவில 'காட்'னு எழுதலாமா?

வேண்டாம். மேலே 'ஸ்டீலிங்' உதாரணத்தில் பார்த்தது போல, ஓர் ஆளைப் பற்றி 'காட்' என்றால் தப்புச் செய்யும்போது அகப்பட்டார் என்ற நிழல் கூடவே வரும். குற்றம் முடிவாகாத நிலையில் குடும்பத்தார் தாங்களே அதை எழுதிக் கொடுக்கக் கூடாது. கடலில் தடுத்துப் பிடித்தது 'அப்ரிஹெண்டட்', முறைப்படி கைது 'அரெஸ்டட்', நீதிமன்றம் காவலில் வைத்தது 'ரிமாண்டட்', படகைப் பறிமுதல் செய்தது 'சீஸ்டு' அல்லது 'இம்பவுண்டட்'. எந்தத் தேதியில் எது நடந்தது என்று தனித்தனியாக எழுதினால் படிக்கிற அதிகாரிக்கும் வேலை எளிது.

புயலில் சிக்கியதற்கு 'காட் இன் எ ஸ்டார்ம்' எழுதலாம். இயற்கை முன்னால் வந்தால் அந்த நிழல் இல்லை.

'வாட்ஸ் த கேட்ச்?'னு கேட்டாங்க. எந்த மீன்னு சொல்றது?

எங்கே கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. படகுத்துறையில் கேட்டால் மீன் பெயரைச் சொல்லலாம். நீங்கள் ஒரு சலுகை சொன்ன பிறகு கேட்டிருந்தால், "இதில் என்ன வில்லங்கம்?" என்று அர்த்தம். விசா இலவசம், டிக்கெட் இலவசம் என்று ஏஜென்ட் சொல்லும்போது கீழக்கரைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

'கேட்ச் ட்வென்டி டூ'ன்னா இருபத்திரண்டு வில்லங்கமா?

எண்ணுக்குப் பொருள் கிடையாது. 1961இல் வந்த ஓர் அமெரிக்கப் போர் நாவலின் தலைப்பு அது. மனநிலை சரியில்லாத விமானப்படைக்காரனைப் பறக்கவிடாமல் நிறுத்தலாம், ஆனால் அவனே கேட்க வேண்டும். கேட்டால் உயிருக்குப் பயப்படத் தெரிகிறது, ஆகவே மனநிலை சரி, ஆகவே பறக்க வேண்டும். அந்த விதிக்குத்தான் இந்தப் பெயர். "கடல் பழகினவனைத்தான் படகுல ஏத்துவேன்" என்கிறார் ஒருவர்; ஏற்றாமல் எங்கே பழகுவது? அந்த நிலைக்கு இதைச் சொல்லலாம். வெறும் சிக்கலுக்கெல்லாம் சொல்லக் கூடாது. விதியே தன் வாசலை அடைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட்ல 'கேட்ச் பிடிச்சான்'னு சொல்றோமே, 'காட் எ கேட்ச்'னு எழுதலாமா?

ஆங்கிலத்தில் கேட்சை யாரும் 'கேட்ச்' பண்ணுவதில்லை. 'டேக் எ கேட்ச்' அல்லது 'ஹோல்டு எ கேட்ச்'. நழுவவிட்டால் 'டிராப்'. பந்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் 'ஹி காட் த பால்'. 2017 விதித்தொகுப்பில் இது 33ஆம் விதி. பந்து உடம்பில் பட்ட கணத்தில் தொடங்கி, பந்தின் மேலும் தன் ஓட்டத்தின் மேலும் ஆட்டக்காரருக்கு முழுக் கட்டுப்பாடு வந்தபோதுதான் கேட்ச் முடிகிறது என்கிறது அது. முதல் பதிலில் சொன்ன அந்தக் கணத்துக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது.

கெட்சப், கெட்ச் படகு, கேட்டமரான், இதெல்லாம் இதே குடும்பமா?

மூன்றில் ஒன்றுதான். 'கெட்ச்' என்பது இரண்டு பாய்மரம் வைத்த கப்பல்; அதன் பழைய எழுத்து வடிவமே 'கேட்ச்', துரத்துவது என்ற பொருளிலிருந்து வந்த பெயர் என்று அகராதிகள் காட்டுகின்றன. 'கேட்டமரான்' நம் கட்டுமரம். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது, 'கேட்ச்'சோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'கெட்சப்' தென்சீனத்து மீன்சாற்றின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தக்காளி பிறகு வந்து சேர்ந்தது, முதலில் இருந்தது மீன்.

கேட்ச்மென்ட்?

நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைத்தண்ணீர் ஓடிவந்து ஒரு கண்மாய்க்குச் சேரும் நிலப்பரப்பு முழுவதும் அது. ஓடுகிற தண்ணீர், அதனால் 'கேட்ச்'. சேர்ந்த தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் கண்மாய் 'டேங்க்'.

நாங்க யாரும் கடல்ல 'மீன் பிடிச்சோம்'னு சொல்றதே இல்லை. 'மீன் பட்டுச்சு', 'பாடு நல்லாருக்கு'ன்னுதான் சொல்வோம். அதை எப்படி இங்கிலீஷ்ல கொண்டுபோறது?

நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வி. 'மீன்பிடித்தல்' அலுவலகத் தமிழ். தொழில் செய்கிறவர் வாயில் மீன் படுகிறது. வலை விடுவது ஆள், படுவது மீன். 'வி காட்' என்று தொடங்கினால் முழுச் செயலும் ஆள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. "இன்னிக்கு ஒண்ணும் படலை" என்பதை 'வி காட் நத்திங்' என்று எழுதினால் பொருள் சரி, ஆனால் குறை உங்களுடையது போல ஒலிக்கும்.

இதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பாடு என்பதைப் பெயர்ச்சொல்லாகவே வைப்பது: 'த கேட்ச் வாஸ் புவர் டுடே'. ஆள் வாக்கியத்திலேயே இல்லை. "பாடு இல்லை" என்பதற்கு மிக நெருங்கிய வடிவம் இது. இன்னொன்று, மீனை எழுவாயாக வைப்பது: 'நோ ஃபிஷ் கேம் இன்டு த நெட்'. கணக்கெடுக்க வருகிறவரிடம் முதல் வடிவம். ஏன் வரவில்லை, காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று பேசப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது. 'வி காட்' என்பதை நிறையப் பட்ட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.